மினி கேம் ஸ்கோர்களைச் சமன் செய்வது எப்படி: முதல்முறை கேம்பெய்ன் நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பிராண்டின் கேம்பெய்னுக்காக மூன்று நான்கு சின்ன விளையாட்டுகளை ஒரே லீடர்போர்டின் (தரவரிசைப் பட்டியலின்) கீழ் கொண்டுவரும் பொறுப்பு முதல்முறையாக உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எனக்கு அந்தப் பொறுப்பு வந்தபோது கையில் நான்கு விளையாட்டுகள் இருந்தன. பத்துக் கேள்வி வினாடி வினா, எட்டு ஜோடி அட்டைகளைத் தேடிச் சேர்க்கும் நினைவாற்றல் ஆட்டம், மேலிருந்து விழும் பொருட்களைக் கூடையில் பிடிக்கும் ஆட்டம், சுழற்றிவிட்டு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கும் ஒரு ஸ்பின் வீல். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு டெவலப்பர் செய்தார், அவரவருக்குத் தோன்றியபடி ஸ்கோர் வைத்தார். வினாடி வினாவில் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும் 100தான். கூடை ஆட்டத்தில் கொஞ்சம் பழகியவர் ஒரே நிமிடத்தில் 900 எடுத்துவிடுவார். நாங்கள் நான்கையும் அப்படியே கூட்டி லீடர்போர்டில் போட்டோம். மூன்றாம் நாள் பார்த்தால் முதல் பக்கம் முழுவதும் கூடை ஆட்டக்காரர்கள். பத்துக்குப் பத்து எடுத்தவர்கள் எங்கோ அடியில் கிடந்தார்கள். நான்காம் நாள் அவசர அவசரமாகக் கணக்கை மாற்றினோம். அதுதான் பெரிய தப்பு. முதலில் இருந்த ஏற்றத்தாழ்வுக்கு வந்த புகாரைவிட, நடுவில் கணக்கை மாற்றியதற்கு வந்த புகார் பல மடங்கு. முந்தின நாள் பத்தாவது இடத்தில் இருந்தவர் காலையில் எழுந்து பார்க்கும்போது அறுபதாவது இடத்தில் இருந்தால் அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

அதன் பிறகு இரண்டு மூன்று கேம்பெய்ன்களில் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசை இது. கீழே வரும் எண்களெல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை. உங்கள் விளையாட்டுகளுக்கு உங்கள் எண்களைத்தான் எடுக்க வேண்டும்.

## 1. ஸ்கோர் வேறு, புள்ளி வேறு

முதல் நாளே இந்த இரண்டு சொற்களையும் பிரித்துவிடுங்கள். விளையாட்டுக்குள் வருவது ஸ்கோர்: எத்தனை சரியான விடை, எத்தனை விநாடி, எத்தனை பொருள் பிடித்தார். லீடர்போர்டில் ஏறுவது புள்ளி. ஸ்கோரைப் புள்ளியாக மாற்றுவது நடுவில் நடக்கும் தனி வேலை. அதை விளையாட்டின் நிரலுக்குள் (code) வைக்கவே கூடாது. சர்வரில் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

இரண்டையும் தனித்தனியாகச் சேமிக்கச் சொல்லுங்கள். யார், எந்த விளையாட்டு, எத்தனையாவது முயற்சி, ஸ்கோர் என்ன, எடுத்த நேரம் எவ்வளவு, எந்தப் போன், எப்போது. புள்ளியை மட்டும் சேமித்து ஸ்கோரைத் தூக்கி எறிந்துவிட்டால், பின்னால் ஒரு பிழை தெரிந்தாலும் திருத்த வழியே இருக்காது. எங்களுக்கு நடந்தது அதுதான். நான்காம் நாள் திருத்தும்போது முதல் மூன்று நாள் ஸ்கோர் கையில் இல்லை, கூட்டுத்தொகை மட்டும்தான் இருந்தது.

## 2. ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்

பெரிய ஆவணமெல்லாம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். அதில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்:

- ஸ்கோர் அதிகமானால் நல்லதா, குறைந்தால் நல்லதா. நினைவாற்றல் ஆட்டத்தில் நேரம் குறைந்தால் நல்லது, மற்றவற்றில் தலைகீழ்.
- ஒன்றுமே தெரியாமல் விளையாடினால் என்ன ஸ்கோர் வரும்.
- கணக்குப்படி எட்டக்கூடிய உச்சம் என்ன.
- ஒரு முயற்சிக்கு ஆகும் நேரம், திரை திறப்பது முதல் முடிவு காட்டுவது வரை.
- முடிக்காமல் பாதியில் விட்டவருக்கு என்ன.

இரண்டாவது கேள்வியைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பத்துக் கேள்வி வினாடி வினாவில், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே சராசரியாக 2.5 சரியாகிவிடும். ஆகவே இரண்டு சரியான விடைக்கு நல்ல புள்ளி கொடுத்தால், அது அறிவுக்குக் கொடுத்த புள்ளி ஆகாது.

கடைசிக் கேள்வி நேரத்தை வைத்து அளக்கும் ஆட்டங்களில் கழுத்தைப் பிடிக்கும். 120 விநாடிக்குள் எட்டு ஜோடியையும் சேர்க்காதவருக்குப் பூஜ்யம் என்று வைத்தால், ஏழு ஜோடி சேர்த்தவரும் ஒன்றுமே செய்யாதவரும் ஒன்றாகிவிடுவார்கள். முடிக்காதவருக்குச் சேர்த்த ஜோடிக்குப் 10 புள்ளி வீதம், அதாவது 70 வரை, என்று வைத்துவிட்டால் சண்டை இல்லை. முடித்தவருக்குக் குறைந்தபட்சம் 100.

## 3. எந்த முயற்சியைக் கணக்கில் எடுப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் இதைக் கடைசியில் யோசிப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் இதை முடிவு செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே முடியாது.

ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் விளையாடலாம், அதில் சிறந்தது மட்டும் கணக்கு என்று வைப்பது வழக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. இரண்டு விளையாட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் சராசரி 500 புள்ளி. முதலாவதில் யார் எப்போது விளையாடினாலும் 450க்கும் 550க்கும் நடுவில் ஏதோ ஒன்று, சம வாய்ப்பில், வரும். இரண்டாவதில் 100க்கும் 900க்கும் நடுவில் எது வேண்டுமானாலும் வரும். ஒரே ஒரு முறை விளையாடினால் இரண்டும் சமம். மூன்று முறை விளையாடிச் சிறந்ததை எடுத்தால் முதலாவதில் சராசரியாக 525, இரண்டாவதில் 700. பத்து முறை விளையாடினால் 541க்கு எதிராக 827. சராசரி சமமாக இருந்தும், ஏற்ற இறக்கம் அதிகமுள்ள விளையாட்டு மற்றதை விழுங்கிவிடுகிறது. முயற்சி கூடக் கூட இந்த இடைவெளி அகலும். கூடவே, நாள் முழுக்க நேரம் உள்ளவர்களுக்கே பரிசு என்றும் ஆகிவிடும்.

நான் இப்போது வைக்கும் விதி இது: ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு நாளைக்கு 3 முயற்சி, மூன்றில் சிறந்தது கணக்கு. பயிற்சிக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் விளையாடலாம், அதற்குப் புள்ளி இல்லை. உங்கள் கேம்பெய்னுக்கு இரண்டோ ஐந்தோ பொருந்தலாம். எண்ணைவிட, அதைச் சமன் செய்யும் வேலைக்கு முன்பே முடிவு செய்திருப்பதுதான் முக்கியம். ஏனென்றால் அடுத்த படியில் நீங்கள் அளக்கப்போவது ஒற்றை முயற்சியை அல்ல, 'மூன்றில் சிறந்ததை'. எதைக் கணக்கில் எடுப்பீர்களோ அதையேதான் அளக்க வேண்டும்.

சிலருக்கு வேகமாகத் திரையைத் தட்டும் ஆட்டங்கள் ஒத்துவராது. வயதானவர்கள், கையில் நடுக்கம் உள்ளவர்கள், பார்வை மங்கியவர்கள் எல்லாரும் பங்கேற்பார்கள். 'எல்லா விளையாட்டும் கட்டாயம்' என்பதற்குப் பதிலாக, ஐந்து இருந்தால் சிறந்த மூன்று மட்டும் கணக்கு என்று வைக்க முடியுமா பாருங்கள். செலவில்லாத மாற்றம் இது, பலரைப் போட்டிக்குள் வைத்திருக்கும்.

## 4. வெளியாட்களை வைத்து ஒத்திகை பாருங்கள்

விளையாட்டைச் செய்தவர்களின் ஸ்கோரை வைத்து அளவுகோல் போடாதீர்கள். அவர்கள் அதே ஆட்டத்தை நூறு முறை சோதித்தவர்கள். அவர்களுக்கு 'சுமார்' என்று படும் ஸ்கோர், புதிதாக வருபவருக்கு எட்டாத உயரம்.

40 பேரைப் பிடியுங்கள். அலுவலகத்தில் வேறு பிரிவில் இருப்பவர்கள், அவர்கள் வீட்டார், நண்பர்கள். வயதும் போனும் கலந்து இருக்கட்டும், விலை குறைந்த பழைய போன்கள் கண்டிப்பாக வேண்டும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விளையாட்டையும் மூன்று முறை விளையாட வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு அரை மணி நேரம் என்றால் மொத்தம் 20 மணி நேரம். அவ்வளவுதான் செலவு, ஆனால் இதைத்தான் நேரமில்லை என்று எல்லாரும் வெட்டுகிறார்கள். 15 பேரை வைத்துச் செய்தால் 'மேலே இருக்கும் பத்து சதவீதம்' என்பது ஒன்றரை ஆள். அந்த ஒருவருக்கு அன்று கை வலித்தால் உங்கள் அளவுகோலே மாறிவிடும். 40 பேர் இருந்தால் அது நான்கு பேர். அதுவும் கம்மிதான், ஆனால் வேலைக்கு ஆகும்.

அருகில் நின்று சொல்லிக் கொடுக்காதீர்கள். கேம்பெய்ன் நடக்கும்போது யாரும் பக்கத்தில் நிற்கப்போவதில்லை.

## 5. மாற்று அட்டவணை போடுங்கள்

ஸ்கோரைப் புள்ளியாக மாற்றும் இந்த அட்டவணைதான் முழு வேலையின் மையம், இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் 40 பேரின் 'மூன்றில் சிறந்த' ஸ்கோரை மோசமானதிலிருந்து நல்லது வரை வரிசைப்படுத்துங்கள். மூன்று எண்களை எடுங்கள்: கீழிருந்து நான்காமவர், நடுவில் இருப்பவர் (20ஆம் 21ஆம் ஆட்களுக்கு இடையே), மேலிருந்து நான்காமவர். கீழ் எண்ணுக்கு 200 புள்ளி, நடு எண்ணுக்கு 500, மேல் எண்ணுக்கு 800. இது எல்லா விளையாட்டுக்கும் பொது. உச்சத்தில் 1000.

உதாரணத்துக்கு:

- வினாடி வினா: 4 சரி என்றால் 200, 6 சரி என்றால் 500, 9 சரி என்றால் 800, பத்துக்குப் பத்து 1000.
- நினைவாற்றல் ஆட்டம்: 120 விநாடியில் முடித்தால் 100, 90 விநாடிக்கு 200, 58 விநாடிக்கு 500, 38 விநாடிக்கு 800, 25 விநாடி அல்லது அதற்கும் குறைவு என்றால் 1000.
- கூடை ஆட்டம்: ஸ்கோர் 120க்கு 200, 310க்கு 500, 900க்கு 800, 1650க்கு 1000.

இடையில் வரும் ஸ்கோருக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்தால் போதும். நினைவாற்றல் ஆட்டத்தை 48 விநாடியில் முடித்தவர் 58க்கும் 38க்கும் நட்டநடுவில் இருக்கிறார், அவருக்கு 650. கூடை ஆட்டத்தில் 605 எடுத்தவர் 310க்கும் 900க்கும் நட்டநடுவில், அவருக்கும் 650. இப்போது இருவரும் சமம் என்று சொல்ல நம்மிடம் ஒரு காரணம் இருக்கிறது.

சராசரியை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கூடை ஆட்டம் போன்றவற்றில் இரண்டு மூன்று பேர் மட்டும் 1000க்கு மேல் போய்ச் சராசரியை மேலே இழுத்துவிடுவார்கள். சராசரிக்கு 500 புள்ளி என்று வைத்தால் பாதிக்கும் மேற்பட்டவர்கள் 500ஐத் தொடவே மாட்டார்கள். வினாடி வினாவில் அப்படி இழுக்க இடமே இல்லை, பத்துக்கு மேல் போக முடியாதல்லவா. வரிசையில் நடுவில் இருப்பவரை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

உச்ச எண்ணை ஒத்திகையில் வந்த சிறந்த ஸ்கோரிலேயே வைக்காதீர்கள். ஒத்திகையில் யாரோ 1100 எடுத்தார் என்றால், பல நாள் ஓடும் கேம்பெய்னில் மக்கள் பழகி அதைத் தாண்டுவார்கள். 1100ல் உச்சத்தை வைத்தால் மூன்றாம் நாளில் ஒரு கூட்டமே 1000 புள்ளியில் முட்டி நிற்கும். அதனால்தான் மேலே ஒன்றரை மடங்கு தள்ளி 1650 வைத்தேன்.

இன்னொரு வழி இருக்கிறது. நேரலையில் எத்தனை பேரைவிட நீங்கள் மேல் என்று பார்த்து அதற்கேற்ப புள்ளி கொடுப்பது. டெவலப்பர்களுக்கு இது பிடிக்கும், ஏனென்றால் ஒத்திகையே வேண்டாம், தானாகவே சமன் ஆகிவிடும். நான் இதை வேண்டாம் என்றே சொல்வேன். நேற்று 720 பெற்றவர் இன்று விளையாடாமலே 640க்கு இறங்கிவிடுவார், மற்றவர்கள் நன்றாக விளையாடினார்கள் என்ற ஒரே காரணத்துக்காக. தன் கையில் இருந்த புள்ளி குறைவதை யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தடகளத்தில் டெக்கத்லான் என்ற பத்து வகைப் போட்டியைப் பாருங்கள். ஓட்டத்தில் விநாடி குறைய வேண்டும், தாண்டுதலில் தூரம் கூட வேண்டும், இரண்டையும் ஒரே புள்ளிக் கணக்கில் சேர்க்கிறார்கள். 100 மீட்டரை 11.00 விநாடியில் ஓடினால் 861 புள்ளி, யார் கூட ஓடினாலும், எத்தனை பேர் ஓடினாலும் அதே 861. நீளம் தாண்டுதலில் 7.76 மீட்டர் என்றால் 1000 புள்ளி. வீரர் ஓடி முடித்த அந்த நொடியே தன் புள்ளியைத் தானே கணக்கிட்டுக்கொள்ளலாம். உங்கள் அட்டவணையும் அப்படி இருக்கட்டும்: முன்கூட்டியே முடிவானது, வெளிப்படையானது, பிறகு அசையாதது.

முடிவுத் திரையில் இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள்: 'நீங்கள் பிடித்த ஸ்கோர் 605, கிடைத்த புள்ளி 650'. ஸ்கோரை மட்டும் காட்டிவிட்டு லீடர்போர்டில் வேறு எண்ணைக் காட்டினால், '900 எடுத்தேனே, 800தான் ஏறியிருக்கிறது, மீதி 100 எங்கே' என்று கேட்பார்கள். கேட்பது நியாயமும்கூட.

## 6. ஸ்பின் வீலைத் தரவரிசையிலிருந்து விலக்குங்கள்

வீலில் திறமைக்கு வேலையே இல்லை. அதனால் மேலே சொன்ன அட்டவணையும் அதற்குப் பொருந்தாது. கணக்குப் போட்டாவது பாருங்கள்: எட்டுக் கட்டம், சம வாய்ப்பு, நான்கில் 100, இரண்டில் 200, ஒன்றில் 400, ஒன்றில் 800. மொத்தம் 2000, எட்டால் வகுத்தால் ஒரு சுற்றுக்குச் சராசரி 250. மற்ற விளையாட்டுகளின் 500க்குப் பாதிதானே என்று தோன்றும். ஆனால் ஒருவருக்கு 800 விழுந்து இன்னொருவருக்கு 100 விழுந்தால், அந்த 700 புள்ளி இடைவெளியை வினாடி வினாவில் உழைத்து மீட்கவே முடியாது.

வீலுக்கு வேறு வேலை கொடுங்கள். ஒரு சுற்றுக்குக் குலுக்கல் சீட்டு, அல்லது கூடுதல் ஒரு முயற்சி, அல்லது ஒரு சின்னக் கூப்பன். கிளையன்ட் விடாப்பிடியாகப் புள்ளிதான் வேண்டும் என்றால், மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாதபடி வையுங்கள்.

சட்டப் பக்கமும் இதில் இருக்கிறது. பரிசு, அதிர்ஷ்டம், கலந்துகொள்ளக் கட்டணம் அல்லது கட்டாயக் கொள்முதல் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் பல நாடுகளில் அது லாட்டரி என்ற கணக்கில் போய்விடும். உங்கள் கேம்பெய்ன் எந்த நாட்டில் ஓடுகிறதோ அங்குள்ள வழக்கறிஞர் ஒருவர் விதிமுறையைப் படித்துக் கையெழுத்திடும் வரை வீலைத் திறக்க வேண்டாம்.

## 7. நிமிடத்துக்கு எத்தனை புள்ளி என்று பாருங்கள்

ஒரு நாளைக்கு மூன்று முயற்சி, சிறந்தது மட்டும் என்ற விதி உங்களிடம் இருந்தால் இந்தப் படியை வேகமாகக் கடக்கலாம். ஆனால் சில கிளையன்ட்கள் விளையாட விளையாடப் புள்ளி ஏறிக்கொண்டே போக வேண்டும் என்பார்கள். அப்போது மாற்று அட்டவணை மட்டும் போதாது.

வினாடி வினாவுக்கு 3 நிமிடம், நடு ஆளுக்கு 500 புள்ளி: நிமிடத்துக்குச் சுமார் 167. கூடை ஆட்டத்துக்குத் திரை திறப்பது, முடிவு காட்டுவது எல்லாம் சேர்த்து 75 விநாடி, அதே 500: நிமிடத்துக்கு 400. வீலுக்கு 10 விநாடி, 250: நிமிடத்துக்கு 1500. மக்கள் இதை எழுதி வைத்துக் கணக்குப் போட மாட்டார்கள், ஆனால் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் வினாடி வினாவை யாரும் திறக்கக்கூட மாட்டார்கள், அதற்குத்தான் கிளையன்ட் பணம் போட்டிருப்பார்.

வினாடி வினாவின் 167க்கு இணையாக வர, இந்த நிலையில் கூடை ஆட்டத்தின் நடு ஆளுக்கு ஏறக்குறைய 210 புள்ளிதான் கிடைக்க வேண்டும், அதாவது அட்டவணைப் புள்ளியில் சுமார் 0.4 மடங்கு. கூடவே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தினசரி உச்சவரம்பு வையுங்கள். அந்த வரம்பைத் திரையில் தெரியும்படி காட்டுங்கள், 'இன்று இன்னும் 340 புள்ளி பெறலாம்' என்பது போல. வரம்பு முடிந்தது தெரியாமல் அரை மணி நேரம் விளையாடியவரின் கோபத்தை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

## 8. புள்ளியைப் பரிசுச் செலவோடு சேர்த்துப் பாருங்கள்

'2000 புள்ளி தாண்டியவர்களுக்கெல்லாம் கூப்பன்' என்பது போன்ற வாக்குறுதி இருந்தால், உங்கள் அட்டவணை நேரடியாகப் பட்ஜெட்டைத் தொடுகிறது. மூன்று விளையாட்டின் சிறந்த புள்ளிகளைக் கூட்டி, ஒத்திகையில் எத்தனை பேர் 2000 தாண்டினார்கள் என்று பாருங்கள். 40 பேரில் 14 பேர் என்றால் 35 சதவீதம். 20,000 பேர் கலந்துகொள்வார்கள் என்று எதிர்பார்த்தால் 7,000 கூப்பன் போகும். கிளையன்ட் 3,000 கூப்பனுக்குத்தான் பணம் ஒதுக்கியிருக்கிறார் என்றால் 15 சதவீதம் பேர் மட்டுமே தாண்ட வேண்டும், அதாவது 40 பேரில் 6 பேர். ஆறாமவரின் மொத்தப் புள்ளி எவ்வளவோ, எல்லை அதற்கருகில் இருக்க வேண்டும்.

அதிலும் கொஞ்சம் மேலே வையுங்கள். ஒத்திகைக்கு வந்தவர்கள் நமக்காக ஒருமுறை விளையாடியவர்கள், கேம்பெய்னுக்கு வருபவர்கள் பரிசுக்காகத் தினமும் விளையாடுவார்கள். 'முதல் 3,000 பேருக்கு மட்டும்' என்ற வரி விதிமுறையில் இருந்தே தீர வேண்டும். எல்லையைப் பின்னால் குறைப்பது எளிது, எல்லாரும் மகிழ்வார்கள். அறிவித்த பிறகு உயர்த்தவே முடியாது.

## 9. ஏமாற்றும், போன் வேறுபாடும்

எவ்வளவு அழகாகச் சமன் செய்தாலும் இந்த இரண்டும் அதைக் கலைத்துவிடும்.

முதலில் போன். கூடை ஆட்டத்தின் வேகத்தைத் திரை புதுப்பிக்கும் எண்ணிக்கையோடு கட்டிவைத்திருந்தால், 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும்) திரையில் ஓடும் ஆட்டம் 120 ஹெர்ட்ஸ் திரையில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். ஒரே ஆட்டம், இரண்டு போனில் இரண்டு விதக் கடினம். டெவலப்பரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: பொருள் நகர்வது கடந்த நேரத்தை வைத்தா, ஃபிரேம் (திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் படம்) எண்ணிக்கையை வைத்தா? கடந்த நேரத்தை வைத்துத்தான் என்று அவர் சொன்னாலும், இரண்டு வகைப் போனையும் பக்கத்தில் வைத்து ஒரே பொருள் கீழே விழும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் பாருங்கள். நாங்கள் இதை ஒத்திகையின் இரண்டாம் நாள்தான் கண்டுபிடித்தோம், அதுவரை எடுத்த கூடை ஆட்ட ஸ்கோர்கள் எல்லாம் வீண்.

அடுத்து ஏமாற்று. ஸ்கோரைப் பிரவுசரே கணக்கிட்டு சர்வருக்கு அனுப்புகிறது என்றால், அந்தச் செய்தியை மாற்றி அனுப்பத் தெரிந்தவர்கள் நிச்சயம் வருவார்கள். முழுப் பாதுகாப்புக்குச் செலவு அதிகம், ஆனால் சில எளிய தடைகள் பெரும்பாலானவற்றை நிறுத்தும். விநாடிக்கு அதிகபட்சம் 3 பொருள் விழுகிறது, 60 விநாடி, ஒன்றுக்கு 10 ஸ்கோர்: 1800ஐத் தாண்டிய எதுவும் பொய், சர்வர் அதை ஏற்கவே கூடாது. ஆட்டம் தொடங்கும்போது சர்வர் ஒரு அடையாள எண் கொடுக்கட்டும், ஒரு எண்ணுக்கு ஒரு ஸ்கோர்தான். தொடங்கிய 20 விநாடியில் 60 விநாடி ஆட்டத்தின் முடிவு வந்தால் தனியே எடுத்து வையுங்கள்.

வினாடி வினாவுக்கு வேறு ஆபத்து. விடைகள் மதியத்துக்குள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். நூறு கேள்வியாவது வைத்து அதிலிருந்து பத்தை எடுங்கள், விடைகளின் வரிசையையும் கலைத்துக் கொடுங்கள். கேள்விகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து ஒவ்வொருவருக்கும் ஒரே விகிதத்தில் போகும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரே விளையாட்டுக்குள்ளேயே சமன் கெட்டுவிடும்.

## 10. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

- மாற்று அட்டவணை, பதிப்பு எண்ணும் தேதியும் போட்டு, கிளையன்ட் கையெழுத்துடன்.
- ஒத்திகையின் மூல ஸ்கோர்கள், எக்ஸெல்லில். 500 ஏன் 310க்கு என்று யாராவது கேட்டால் காட்ட வேறு ஆதாரம் இல்லை.
- பங்கேற்பாளர் விதிமுறை. முயற்சி எண்ணிக்கை, தினசரி வரம்பு, நாள் எந்த நேர மண்டலத்தில் எத்தனை மணிக்கு மாறுகிறது, சமநிலை வந்தால் யார் மேல், பிழை வந்தால் என்ன செய்வோம்.
- தனிநபர் தகவலுக்கான ஒப்புதல் வாசகம்.
- புகார்ப் பதிவேடு.

சமநிலை விதியை மேலோட்டமாக எழுதாதீர்கள். 'முதலில் எட்டியவர் மேல்' என்றால் எதை எட்டியவர்? இப்போதைய மொத்தப் புள்ளியை எந்த நேரத்தில் எட்டினார் என்று சர்வர் நேரத்தில் பதிவாகிறதா என்று பாருங்கள். போனின் நேரத்தை நம்பக் கூடாது, அதை யாரும் மாற்றலாம்.

ஐபோன் ஆப்பில் நடத்தினால் ஒன்று கூடுதலாக: ஆப்பிளின் விதிப்படி போட்டியின் விதிமுறை ஆப்புக்குள்ளேயே இருக்க வேண்டும், இதில் ஆப்பிளுக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் போய் ஆப் திரும்பி வந்தால் உங்கள் தேதி தள்ளிப்போகும்.

## 11. எத்தனை நாள் ஆகும்

தொடக்க நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஐந்து வாரம் முன்பு ஒரு பக்கக் குறிப்புகளும் முயற்சி விதியும். நான்கு வாரம் முன்பு விளையாட முடிகிற நிலையில் எல்லா ஆட்டமும். இங்கேதான் எப்போதும் தாமதமாகும், ஒரு விளையாட்டு மட்டும் 'நாளைக்கு' என்று நிற்கும். மூன்று வாரம் முன்பு ஒத்திகை, அதற்கு ஒரு வாரம். அட்டவணை போடுவது ஒரே நாள் வேலை. அதே 40 பேரில் பத்துப் பேரை வைத்து மறுபடி சரிபார்க்க இரண்டு நாள். தொடக்கத்துக்குப் பத்து நாள் முன்பு அட்டவணையைப் பூட்டிவிடுங்கள்.

பூட்டிய பிறகு விளையாட்டில் எதையும் தொடக் கூடாது. 'பொருள் விழும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன், நன்றாக இருக்கிறது' என்று டெவலப்பர் சொன்னால், அந்த விளையாட்டுக்கு ஒத்திகையை மீண்டும் நடத்த வேண்டும். வேறு வழி கிடையாது.

வாரக் கடைசியில் தொடங்காதீர்கள். முதல் 24 மணி நேரத்தில்தான் பிழைகள் வெளிவரும், அப்போது திருத்த ஆள் இருக்க வேண்டும்.

## 12. தொடங்கிய பிறகு

முதல் நாள் இரவு ஒவ்வொரு விளையாட்டிலும் நடு ஆளின் புள்ளி என்ன என்று பாருங்கள். 450க்கும் 550க்கும் நடுவில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஒன்று மட்டும் 620 என்றால் அட்டவணையைத் தொடாதீர்கள், முதலில் காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் ஒரு பிழையோ, விடை கசிந்ததோ, ஏமாற்றோ இருக்கும். அதைச் சரி செய்தால் எண் தானே இறங்கும். நாட்கள் செல்லச் செல்ல எல்லா விளையாட்டிலும் நடு ஆள் மெதுவாக மேலேறுவது இயல்பு, மக்கள் பழகுகிறார்கள். எல்லாம் சேர்ந்து ஏறினால் கவலை வேண்டாம்.

உண்மையாகவே ஒரு விளையாட்டுக்குப் புள்ளி குறைவாகக் கிடைக்கிறது என்று தெரிந்தால், உயர்த்தும் திசையில் மட்டும் திருத்துங்கள். மூல ஸ்கோரிலிருந்து முதல் நாள் முதல் எல்லாருக்கும் மறுபடி கணக்கிடுங்கள். என்ன மாறியது, ஏன் மாறியது, எப்போதிலிருந்து என்று ஆப்பிலேயே மூன்று வரியில் சொல்லுங்கள். மற்றவர்களின் புள்ளி உயரும்போது சிலரின் இடம் இறங்கத்தான் செய்யும், ஆனால் யாருடைய புள்ளியும் குறையாது. அந்த வித்தியாசத்தை மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

புகார் வந்தால் பொதுவான பதில் அனுப்பாதீர்கள். அவருடைய முயற்சிகள், ஸ்கோர், மாறிய புள்ளி மூன்றையும் எடுத்து அனுப்புங்கள். இதற்காக ஒருவரைத் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கி வைத்தால் போதும், முதல் மூன்று நாள் மட்டும் இரண்டு மணி நேரம்.

கடைசி நாள் முடிந்ததும் வெற்றியாளர்களை உடனே அறிவிக்க வேண்டாம். லீடர்போர்டைப் பூட்டி, 'சரிபார்ப்பு நடக்கிறது' என்று போட்டு 48 மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பரிசு பெறும் ஒவ்வொருவரின் முயற்சிப் பட்டியலையும் ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். மாற்று ஆட்களாகப் பரிசு எண்ணிக்கையைப் போல் இன்னொரு மடங்கு பேரையும் அப்போதே சரிபார்த்து வைத்துவிடுங்கள். மூல ஸ்கோர் கோப்பை, விதிமுறையில் சொன்ன புகார்க் காலம் முடியும் வரை அழிக்காதீர்கள்.